மழைக்கு விட்ட மூலை

என் வீட்டுக்காரி வைஜெயந்திக்குக் கோபம் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள நான் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. பார்த்தும் பிரயோஜனம் இல்லை. எப்போதும் ஒரே கடுகடுப்புதான், அது அவள் பிறக்கும்போதே கூட வந்தது. இந்த வருஷம் தை மாசத்திலிருந்து ஐப்பசி வரைக்கும் அவள் மனசு எங்கெங்கே போய்விட்டு வந்தது என்பதை நான் குழம்பை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். ஏனென்றால் அத்தனை மாசமும் அவள் ருசி பார்க்காமலேயே எனக்குச் சமைத்தாள்.

முதலிலிருந்து சொல்கிறேன். எங்களுக்கு ஒரே மகள், பூங்குழலி. பாண்டியில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். போகிற பஸ்ஸிலேயே ஒரு பையனைப் பார்த்து, பேசி, பழகி, தை பிறந்த கையோடு ஒரு கோயிலில் வைத்துக் கல்யாணமும் பண்ணிக்கொண்டாள். பையன் பேர் வெற்றிச்செல்வன். எக்கியார்குப்பத்துக்காரன், பாண்டி துறைமுகத்தில் விசைப்படகில் வேலை செய்கிறவன். நாங்கள் மரக்காணத்தில் உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பிழைக்கிறவர்கள். எங்கள் ஊருக்கும் குப்பத்துக்கும் நடுவில் ஈசிஆர் ரோடு ஒன்றுதான் இருக்கிறது. ஆனால் எங்கள் சொந்தத்தில் அந்த ரோட்டைத் தாண்டிப் பெண் கொடுத்ததும் கிடையாது, எடுத்ததும் கிடையாது.

கழுத்தில் மாலையோடு இரண்டு பேரும் வாசலில் வந்து நின்றார்கள். நான் உள்ளே சட்டையைத் தேடிக்கொண்டிருந்தேன். சட்டை கொடியில் கண் முன்னாலேயே தொங்கிக்கொண்டிருந்தது, என் கண்ணுக்குத்தான் தெரியவில்லை. அதற்குள் வைஜெயந்தி வாசலுக்குப் போய்விட்டாள்.

“இந்த வாசப்படிய மிதிக்காத. அப்படியே திரும்பிப் போயிடு.”

குழலி ஒன்றும் அழவில்லை. “நீயா வந்து கூப்புடற வரைக்கும் மிதிக்க மாட்டேம்மா” என்று சொல்லிவிட்டு, அவன் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். யார் பெற்ற பெண் என்று யாரும் சந்தேகப்பட வேண்டியதில்லை.

அன்றைக்குச் சாயங்காலமே என் அக்கா மங்கம்மா வந்து துக்கம் விசாரிக்கிற மாதிரி உட்கார்ந்துகொண்டாள். ஊர் என்ன பேசும், யார் யார் சிரிப்பார்கள் என்று ஒன்று விடாமல் எடுத்துச் சொன்னாள். வைஜெயந்தி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு எழுந்து, நேரே அம்மன் கோயிலுக்குப் போனாள். எனக்குப் பயமாகிப் பின்னாலேயே போனேன். பூசாரி காசிலிங்கம் கற்பூரம் ஏற்றிய தட்டோடு நின்றுகொண்டிருந்தார்.

“என் பொண்ணு தானா வந்து என் வாசல்ல நின்னு, நான் பண்ணது தப்புன்னு சொல்ற வரைக்கும் நான் வாயில உப்பு வெக்க மாட்டேன். இது ஆத்தா மேல சத்தியம்.”

காசிலிங்கத்துக்குத் தட்டு ஆடிவிட்டது. “ஏம்மா, யோசிச்சு சொல்லு. நாள் பூரா உப்புல நின்னு வேல செய்றவ நீ.”

“அதனாலதான் அதையே சொல்றேன்” என்று கற்பூரத்தில் கையை வைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு சமையல். குழம்பு கொதித்ததும் தன் பங்கை முதலில் ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்துவிடுவாள். மீதியில் எனக்கு உப்புப் போடுவாள். நாக்கில் வைத்துப் பார்க்க முடியாது, சத்தியம் பண்ணியாகிவிட்டது. கை என்ன அளவு சொல்கிறதோ அதுதான். கை மனசு சொன்னதைக் கேட்கும் போலிருக்கிறது. தை மாசம் முழுக்க எனக்குக் குழம்பு கரித்தது. சோற்றைக் கூட்டிப் பிசைந்து, தண்ணீரைக் குடித்துக் குடித்து விழுங்கினேன். சொன்னால் இன்னும் கோபம் வரும், அப்புறம் இன்னும் உப்பு விழும்.

தை மாசம் எங்களுக்கு மிதிக்கிற மாசம். மழைக்காலம் முழுக்கப் பாத்தியில் நின்ற தண்ணீரை வடித்து, சேற்றை அள்ளிக் கரையேற்றி, பாத்தியின் தரையை வெறுங்காலால் மிதித்து மிதித்து இறுக்க வேண்டும். ஈரம் காய்ந்துகொண்டே வர, திரும்பத் திரும்ப மிதிக்க வேண்டும். அவசரப்பட்டு, தரை இறுகாமல் உப்புத் தண்ணீரைப் பாய்ச்சிவிட்டால் உப்போடு சேறும் சேர்ந்து வரும், வருஷம் பாழ். அந்தத் தடவை வைஜெயந்தி மிதித்ததைப் பார்த்துப் பக்கத்துப் பாத்தி சகாதேவனே வேலையை நிறுத்திவிட்டு நின்றான். யார் முகத்தை நினைத்துக்கொண்டு மிதிக்கிறாள் என்று நான் கேட்கவில்லை. மாப்பிள்ளை முகமாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். என் முகமாகவும் இருந்திருக்கலாம்.

பாத்தியின் ஈசானிய மூலைக்கு வந்தபோது மட்டும் நின்று மூச்சு வாங்கினாள். அந்த மூலைக்கு ஒரு கதை உண்டு. எங்கள் அப்பா காலத்திலிருந்து, வருஷக் கடைசியில் உப்பு வாரும்போது அந்த மூலையில் விளைந்ததை வாராமல் விட்டுவிடுவோம். அதற்கு ‘மழைக்கு விட்டது’ என்று பேர். மழை வந்து அதைக் கரைத்து, வாய்க்கால் வழியாகக் கழுவெளி ஏரிக்கும் கடலுக்கும் கொண்டுபோய்விடும். கடலிலிருந்து எடுத்ததில் ஒரு பிடி கடலுக்கு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வைஜெயந்திக்கு இது பிடிக்காது. “மழை வந்து நம்மள கேட்டுச்சா?” என்பாள். நான் அந்தப் பக்கம் திரும்பியதும் பலகையைப் போட்டுப் பாதி மூலையை வாரிவிடுவாள். நானும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவேன். இத்தனை வருஷமாக மழைக்குப் போனது அரை மூலைதான்.

மாசியில் முதல் உப்பு எடுத்தோம். முதல் உப்பில் ஒரு படி அம்மனுக்குக் கொண்டுபோய் வைத்து, பூஜை முடிந்து திரும்ப வாங்கி வந்து வீட்டுச் சாமி மாடத்தில் வைப்பது வழக்கம். அதையும் செய்தாள். அந்த மாசம்தான் மாசி மகம். எங்கள் அம்மனை டிராக்டரில் அலங்காரம் பண்ணித் தீர்த்தவாரிக்குக் கடலுக்குக் கொண்டுபோவோம். கடற்கரையில் குப்பத்து ஜனங்கள் மேளத்தோடு எதிரே வந்து, மாலை போட்டு அம்மனை அழைத்துக்கொண்டு போவார்கள். சாமி விஷயத்தில் நடுவில் ரோடு கிடையாது. பெண் விஷயத்தில்தான் உண்டு.

குப்பத்துப் பெண்கள் வரிசையாக நின்று எல்லாருக்கும் மோர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதில் குழலியும் இருந்தாள். நான் ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்குகிற சாக்கில் குப்பத்துக்குப் போய் அவளைப் பார்த்துவிட்டு வருவது வழக்கமாகிவிட்டிருந்தது. அம்மா உப்பை விட்ட கதையை நான்தான் சொல்லியிருந்தேன். இப்போது அவள் தட்டோடு நேரே எங்களிடம் வந்தாள். அம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே பேசினாள்.

“ப்பா, இந்த ஓரத்து டம்ளர்ல மட்டும் உப்பு போடல.”

வைஜெயந்தி கேட்டாள். கேட்டது எனக்குத் தெரியும், தோள் லேசாக அசைந்தது. ஆனால் கை நீளவில்லை. முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு, அம்மன் தண்ணீரில் இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். குழலி கொஞ்ச நேரம் தட்டைப் பிடித்தபடி நின்றாள். அந்த டம்ளரை நான் எடுத்துக் குடித்தேன். சப்பென்று இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் எனக்கு வந்த குழம்பில் உப்பே இல்லை. போட மறந்திருக்கிறாள். உப்பில்லாத குழம்பை முழுசாகச் சாப்பிட்டு எழுந்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

சித்திரை வந்தது. கத்திரி வெயிலில் உப்பளத்தில் நின்றால் மேலேயிருந்தும் அடிக்கும், கீழேயிருந்தும் அடிக்கும். உப்பு விளைய அந்த வெயில்தான் வேண்டும், அதனால் திட்டவும் முடியாது. கடலில் அது மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எல்லாம் கரையில் கட்டிக் கிடக்க, படகுக்காரர்கள் கிடைத்த வேலைக்குப் போவார்கள். ஒரு நாள் காலையில் பார்த்தால் சகாதேவன் பாத்தியில் உப்புக் கூடை சுமக்கிற ஆட்களோடு வெற்றிச்செல்வன் நிற்கிறான். எனக்கு ஒரு கும்பிடு போட்டான். வைஜெயந்தி இருக்கிற பக்கம் தலையைக் குனிந்துகொண்டே போய்வந்தான்.

“கடல்காரனுக்கு இங்க என்னா வேல?” என்றாள் என்னிடம்.

“தடைக்காலம். சும்மா ஒக்காந்து திங்க சொல்றியா?”

“நான் ஒண்ணும் சொல்லலய்யா. யோவ், நீ உன் வேலயப் பாரு.”

கோபமாக இருந்தால் நான் ‘யோவ்’. மனசு நன்றாக இருந்தால் ‘ஏங்க’. தையிலிருந்து சித்திரை வரைக்கும் ஒரு ‘ஏங்க’ கூட என் காதில் விழவில்லை.

அக்னி நட்சத்திரம் உச்சத்தில் இருந்த ஒரு மத்தியானம், பலகையால் உப்பை இழுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே முழங்கால் மடங்கி விழுந்தாள். நான் கரையின் அந்தக் கோடியில் இருந்தேன். நான் ஓடி வருவதற்குள் வெற்றிச்செல்வன் கூடையைப் போட்டுவிட்டு வரப்பு வாய்க்காலெல்லாம் தாண்டி வந்து, அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினான். அங்கே உப்பு ஏற்ற நின்ற குட்டியானை வண்டியில் மூட்டைகளைத் தள்ளிவிட்டு அவளைப் படுக்க வைத்தான். நான் மூச்சு வாங்க வந்து ஏறியதும் வண்டி கிளம்பியது. அவன் ஏறவில்லை. கண் திறந்தால் தன் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று நினைத்தானோ என்னவோ, ரோட்டிலேயே நின்றுவிட்டான்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு நர்சம்மா கேட்டாள், “உடம்புல உப்பு சத்தே இல்லயே, எந்த ஊருங்க நீங்க?”

“மரக்காணம் உப்பளம்ங்க” என்றேன்.

அந்தப் பெண் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது. குளுக்கோஸ் பாட்டில் மாதிரி ஒன்றைத் தொங்கவிட்டுக் கையில் ஊசியை ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் வைஜெயந்தி கண்ணைத் திறந்து, முதலில் பாட்டிலைப் பார்த்தாள்.

“யோவ், இதுல என்னா இருக்குது?”

“தண்ணிதான்.”

“வெறும் தண்ணியா?”

நான் மழுப்புவதற்குள் நர்சம்மா, “சேலைன்மா. உப்புத் தண்ணி” என்று போட்டு உடைத்தாள்.

ரொம்ப நேரம் அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். சொட்டு சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. ஊசியைப் பிடுங்கி எறிந்துவிடுவாளோ என்று நான் கையைப் பிடித்துக்கொண்டேன். கடைசியில் தீர்ப்புச் சொன்னாள். “நான் வாயில வெக்க மாட்டேன்னுதான் சொன்னேன். கைய பத்தி ஒண்ணும் பேசல.”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இவளை வைத்துக்கொண்டு எந்த அம்மனாலும் ஜெயிக்க முடியாது. சாப்பாட்டில் உப்பு சேர்க்கச் சொல்லி டாக்டர் திட்டினார், நானும் திட்டினேன். வெயில் ஏறினால் பாத்தியில் நிற்க மாட்டேன், தினமும் இளநீர் குடிக்கிறேன் என்பது வரைக்கும்தான் இறங்கி வந்தாள்.

வீட்டுக்கு வந்த மறுநாள், அடுப்பில் தேங்காயெண்ணெயும் மஞ்சளும் போட்டுக் காய்ச்சிக்கொண்டிருந்தாள். வாசனை தெரு வரைக்கும் வந்தது.

“என்ன தூக்கிட்டு ஓடும்போது தல கீழ தொங்குச்சு” என்றாள் அடுப்பைப் பார்த்தபடி. “அவன் காலுதான் தெரிஞ்சிது. வெடிச்சு, உப்பு ஏறி, ரத்தமா இருக்குது. அந்தக் காலோட ஓடியிருக்கான். எரிஞ்சிருக்கும்ல?” கொஞ்சம் நிறுத்தினாள். “தை மாசம் நான் அவன் மூஞ்சிய நெனச்சிதான் மிதிச்சேன்.”

எண்ணெயை ஆறவைத்து ஒரு பாட்டிலில் ஊற்றி என்னிடம் நீட்டினாள். “ஏங்க, இத குடுத்துட்டு வாங்க. நான் குடுத்தேன்னு சொல்லாதீங்க.”

நான் போய், “இது உங்க அத்த குடுத்தது. அவ குடுத்தான்னு சொல்லக் கூடாதாம்” என்று கொடுத்தேன். அவன் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு, “சரிங்க மாமா, நான் கேக்கல” என்றான். அன்றைக்கு முதல் தடவையாக அவன் சிரித்துப் பார்த்தேன். குழலி இந்தப் பையனிடம் எதைப் பார்த்தாள் என்று எனக்குப் புரிந்தது. வைகாசியில் தடைக்காலம் முடிந்து கடலுக்குத் திரும்பும்போது சுத்தமாக ஆறிய காலோடு போனான். வீட்டில் குழம்பும் சில நாள் சரியாக இருந்தது, சில நாள் இல்லை. கரிப்பது மட்டும் நின்றுவிட்டது.

ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். முன்பெல்லாம் வைஜெயந்தி சன்னதியில் நின்றால் உதடு ஓயாமல் அசையும். குடும்பத்துக் கணக்கு முழுக்க ஒப்பித்துவிட்டுத்தான் நகருவாள். அன்றைக்கு உதடு அசையவே இல்லை. திரும்பி வரும்போது, என்ன வேண்டிக்கொண்டாய் என்று கேட்டேன்.

“ஒண்ணும் வேண்டிக்கல. சும்மா நின்னேன். நல்லா இருந்திச்சு.”

மறுநாள் உப்பளக் கரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஆடிக் காற்றில் உப்புத் தூள் பறந்து வந்து மேலெல்லாம் ஒட்டியது. அவள் சோற்றுத் தூக்கை முந்தானையால் மூடிக்கொண்டாள். உள்ளே உப்பில்லாத சோறும், உப்பில்லாத கத்திரிக்காய்க் கூட்டும்.

“எப்படித்தான் திங்கறியோ” என்றேன்.

“மொதல்ல சக்கையாட்டம் இருந்திச்சு. கோவத்துலதான் முழுங்கினேன். இப்ப அப்படி இல்லங்க. சோறு இனிக்குது. கத்திரிக்காய்க்குன்னு தனியா ஒரு ருசி இருக்குது, உங்களுக்குத் தெரியுமா? இத்தன வருஷமா நான் உப்பதான் தின்னுட்டு இருந்தேன் போல.” ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் சொன்னாள். “குழலி விஷயமும் அப்படித்தான் ஆயிடுச்சு. அவள நெனச்சாலே கோவம்தான் வரும். இப்ப அது எறங்கிடுச்சு. எப்ப எறங்கிச்சுன்னு தெரியல. கோவம் போன பெறகு பாத்தா குழலிதான் இருக்கா. இந்த வரப்புல வுழுந்து எழுந்து, அழாம மண்ணத் தட்டிக்கினு ஓடுவாளே, அவ.”

நான் சோற்றுக் கையை உதறிக்கொண்டு எழுந்தேன். “அப்ப வா, இப்பவே போயி பாக்கலாம்.”

“எப்படிப் போறது? சத்தியம் பண்ணிட்டேனே. அவதான் வரணும், தப்புன்னு சொல்லணும்னு ஆத்தாகிட்ட சொல்லிட்டேன். இப்ப நானே மாத்தினா சாமி குத்தம். அது என்னப் புடிச்சா பரவால்ல, தாங்கிக்குவேன். அவளப் போயி புடிச்சிட்டா?”

நான் குழலியிடம் போய்க் கெஞ்சிப் பார்த்தேன். அவள், “கூப்புட்டா ஓடி வரேன்ப்பா. ஆனா தப்புன்னு எப்படி சொல்றது? நான் தப்பு பண்ணலயே” என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அம்மாவுக்கு மகள் மேல் கோபம் இல்லை, மகளுக்கும் அம்மா மேல் கோபம் இல்லை. இடையில் அந்தச் சத்தியம் மட்டும் நின்றுகொண்டிருந்தது. பார்க்கப் போனால், கோபம் இருந்தபோது கூட எனக்கு இவ்வளவு கவலை இல்லை.

ஆவணி போய், புரட்டாசி போய், ஐப்பசி பிறந்தது. கழுவெளிப் பக்கம் மேகம் கருத்து நின்ற ஒரு நாள் காலையில், வருஷத்தின் கடைசி உப்பை வாரினோம். கரையில் உப்புக் குவியலைப் பனை ஓலையால் மூடிக்கொண்டிருந்தேன். வழக்கம் போல ஈசானிய மூலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன், அவள் பாதியை வாரிக்கொள்ளட்டும் என்று. பலகை இழுக்கிற சத்தம் வரவில்லை. திரும்பிப் பார்த்தால், பலகையைக் கரையில் சாய்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். மூலை முழுசாக, வெள்ளை வெளேரென்று அப்படியே இருந்தது.

மழை பிடித்துக்கொண்டது. நான் தார்ப்பாயைத் தலையில் போட்டுக்கொண்டு கூப்பிட்டேன், அவள் வரவில்லை. நானே போய் அவளுக்கும் சேர்த்துப் பிடித்தேன். எங்கள் கண் முன்னாலேயே மூலையின் ஓரங்கள் கரைந்தன, நடுவில் கொஞ்ச நேரம் ஒரு மேடு நின்றது, அப்புறம் அதுவும் போய் வெறும் தண்ணீர் வாய்க்காலில் இறங்கிப் போனது.

“முழுசா வுட்டுட்டேன்” என்றாள்.

“பாத்தேன்.”

“இத்தன வருஷமா இத பாத்ததில்லங்க. எவ்ளோ லேசா போவுது பாருங்க.” அவள் முகத்திலும் தண்ணீர் ஓடியது. எல்லாம் மழைத் தண்ணீர் இல்லை. “நம்ம மூலைய வுடறோம். மழைகிட்ட பதிலுக்கு எதாவது கேக்கறோமா? நான் ஆத்தாகிட்ட உப்ப வுட்டேன், ஆனா கூடவே என் பொண்ணக் கொண்டாந்து கால்ல போடுன்னு கேட்டேன். அது வுட்டதா? யாவாரம்.”

எனக்கு அவள் மேல் அந்த நேரத்தில் இருந்த பிரியத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. தார்ப்பாயை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் தள்ளிப் பிடித்தேன்.

வீட்டுக்குப் போனதும் உலர்ந்த புடவை கட்டிக்கொண்டு, சாமி மாடத்திலிருந்து அந்த மாசி முதல் உப்பை எடுத்தாள். ஒரு எவர்சில்வர் தூக்கில் அதைக் கொட்டி, மேலே மஞ்சள் கிழங்கு வைத்து மூடினாள். புதுக் குடித்தனம் வைக்கிற பெண்ணுக்கு அம்மா வீட்டிலிருந்து முதலில் போக வேண்டியது உப்பும் மஞ்சளும்தான். குழலிக்குப் போகவே இல்லை.

தெருவில் என் அக்கா குடையோடு எதிரே வந்தாள். தூக்கைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. “எங்க கெளம்பிட்ட? குப்பத்துக்கா? கொஞ்சமாச்சும் ரோஷம் வேணாம்?”

“உப்பு தின்னாதான அண்ணி ரோஷம் வரும்? நான்தான் தின்னலயே” என்று சொல்லிவிட்டு நிற்காமல் நடந்தாள்.

வழியில் கோயிலில் மட்டும் நின்றாள். மழையில் கோயிலில் காசிலிங்கத்தைத் தவிர யாரும் இல்லை. அம்மனைப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிற மாதிரி சாதாரணமாகப் பேசினாள். “ஆத்தா, நான் கேட்டத நீ குடுக்க வேணாம். இத்தன மாசம் உப்ப வுட்டது வுட்டதாவே இருக்கட்டும், அது உனக்கு. நான் என் பொண்ணு வீட்டுக்குப் போறேன். கோவம்னா என்மேல காட்டு. ஆனா நீ கோவப்பட மாட்டன்னு எனக்குத் தெரியும்.”

காசிலிங்கம் பதறிப்போய், பரிகாரம் ஏதாவது பண்ணிவிடலாமா என்று என்னைப் பார்த்தார். நான் பதில் சொல்வதற்குள் அவள் படியிறங்கிவிட்டாள். அவர் ஓடி வந்து எங்கள் இரண்டு பேர் நெற்றியிலும் குங்குமத்தை வைத்துவிட்டார். மழையில் அது மூக்கு வரைக்கும் வழிந்தது.

ஈசிஆர் ரோட்டைத் தாண்டும்போது மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வண்டிகள் வேகமாக வருகிற ரோடு, அதற்காக இருக்கலாம். குப்பத்தில் படகெல்லாம் மேலே ஏற்றிக் கட்டியிருந்தது. குழலி வீட்டு வாசலுக்குப் போனதும் வைஜெயந்தி படிக்கு வெளியே மழையில் நின்றாள். நான் கூப்பிட வாயெடுத்தேன், கையைக் காட்டி நிறுத்திவிட்டாள்.

“குழலி” என்று அவளே கூப்பிட்டாள். குழலி வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “நான் உள்ள வரலாமா?”

குழலி மழைக்குள் இறங்கி வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் நனைந்துகொண்டே நின்றார்கள். தையில் அழாத பெண் இப்போது அழுதாள். “உன் வாயால கூப்புட்டிருந்தா நானே வந்திருப்பேன்ல” என்று அழுகையோடு சண்டையும் போட்டாள். “சரி, இப்ப கூப்புடறேன், நாளைக்கு வா” என்றாள் வைஜெயந்தி. தப்பு என்ற வார்த்தையை யாரும் சொல்லவில்லை. வெற்றிச்செல்வன் துண்டை எடுத்துக்கொண்டு வந்து நின்றான், யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல்.

“குடுங்க மாப்ள” என்று கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். அவன் காலைக் குனிந்து பார்த்தாள். “நல்லா ஆறிடுச்சு” என்றாள்.

குழலி அவசர அவசரமாக மீன் குழம்பு வைத்தாள். அடுப்பையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். தட்டு போட்டுச் சோறு வைத்துக் குழம்பை ஊற்றினாள். வைஜெயந்தி இன்னும் தட்டில் கை வைக்கவில்லை. நான் அதற்குள் ஒரு வாய் போட்டுவிட்டேன். கரித்தது. பதற்றத்தில் பெண் இரண்டு தடவை உப்புப் போட்டிருக்கிறாள். வெற்றிச்செல்வன் என்னைப் பார்த்தான். நான் பேசாதே என்று கண்ணைக் காட்டினேன்.

வைஜெயந்தி பிசைந்து, வாயில் வைத்தாள். தையிலிருந்து உப்புப் படாத நாக்கு. கண் சுருங்கியது, ஒரு கணம் மெல்லாமல் நின்றாள், அப்புறம் விழுங்கினாள். நாங்கள் மூன்று பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“உப்பு கம்மியா இருக்குது” என்றாள்.

குழலி திகைத்துப் போனாள். வைஜெயந்தி எழுந்து, கையைக் கழுவிக்கொண்டு வந்து, தூக்கைத் திறந்தாள். மஞ்சளை எடுத்து அடுப்பு மேடையில் வைத்தாள். எங்கள் பாத்தியின் முதல் உப்பிலிருந்து மூன்று விரலில் எடுத்து, மகளின் குழம்புச் சட்டியில் போட்டுக் கரண்டியால் கலக்கினாள். மீதியை மகளின் உப்பு ஜாடியில் கொட்டி, மூடியைத் திருகி, அதன் இடத்தில் வைத்தாள்.

அப்புறம் நாலு பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். வெற்றிச்செல்வன் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தான். குழலி ஒரு வாய் வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள், அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

“இப்பதாம்மா சரியா இருக்குது” என்றாள்.

நான் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிக்கொண்டேன்.